திரைப்படத்தில் ஒற்றாடல்

நம் மாணவ நண்பர்கள் விரும்பிக் காணும் திரைப்படங்களுள் ஒற்றர் கதைகள் முன்னிற்பன. விடுதி உணவறையிலும், தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் நோக்கி ஓடும் மின்சார வண்டியிலும் இவற்றைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. பரங்கிமலை ஜோதி, குரோம்பேட்டை வெற்றி, தாம்பரம் வித்யா முதலிய கொட்டகைகளுள் ஒன்றிலேனும் ஓர் ஒற்றர் படம் பார்த்து மகிழாத மாணவர் இக்கல்லூரியில் அரியர். யாமும் அவ்வாறு மகிழ்ந்தவரே. ஆதலின் அப்படங்களைப் பழிப்பது எம் கருத்தன்று. விரும்பிக் காண்பதொன்றை ஆராய்ந்து காண்டல் அவ்விருப்பத்தைக் குறைப்பதில்லை; மிகுவிக்கவே செய்யும்.

ஆராய்தற்கு ஓர் உரைகல் வேண்டும். அவ்வுரைகல்லை நாம் பிறநாட்டில் தேட வேண்டுவதில்லை. திருக்குறட் பொருட்பாலில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல் என்பது. அதன்கண் உள்ள பத்துக் குறளும் ஒற்றரின் இலக்கணத்தையும், அவரை ஆளும் அரசன் கடமையையும் வரையறுத்துக் கூறுகின்றன. அவற்றின் பொருளை முதற்கண் சுருங்கச் சொல்லி, அதன்பின் திரையை நோக்குவாம்.

ஒற்றரின் இலக்கணம்

ஒற்றும் புகழமைந்த நூலும் ஆகிய இரண்டே அரசனுக்குக் கண்கள் என்று வள்ளுவர் தொடங்குகின்றார். அரசன் தன் கீழ்த் தொழில் செய்வார், தன் சுற்றத்தார், தன் பகைவர் ஆகிய எல்லாரிடத்தும் நிகழ்வனவற்றை அறிதல் வேண்டும். ஒற்றனாவான் பிறர் ஐயுறாத வடிவினை உடையனாய், எவரேனும் சினந்து நோக்கினும் அஞ்சாதவனாய், நெஞ்சில் உள்ளதை எவ்விடத்தும் வெளியிடாதவனாய் இருத்தல் வேண்டும். துறந்தார் வேடம் பூண்டு புகற்கரிய இடம் புகுந்து, பிறர் எத்துணைத் துன்பம் செய்யினும் சோராதவனாய் இருத்தல் வேண்டும். இவை ஒற்றனுக்கு உரியன.

எஞ்சியன அரசனுக்கு உரியன. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூறுவன ஒத்திருப்பின் அதனையே தெளிதல் வேண்டும். இறுதியாக, ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தலாகாது. செய்யின் அரசன் தன் மறைபொருளைத் தானே வெளியிட்டவன் ஆவான்.

இவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கருத்துக்கள் புலப்படும். ஒற்றன் அறியப்படாதவனாதல் ஒன்று. அவன் சொல் சோதிக்கப்படுதல் ஒன்று. அவன் புகழ் பெறாதொழிதல் ஒன்று. இம்மூன்றும் திரைப்படத்தின் இயல்புக்கு நேர்மாறானவை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. திரையில் நாயகன் எல்லாராலும் அறியப்படல் வேண்டும். அவன் சொல் ஐயத்திற்கு இடமின்றி நிற்றல் வேண்டும். படம் முடிவதற்குள் அவன் புகழ் பெறுதலும் வேண்டும். ஒற்றர் படம் எடுப்பார் இம்முரணை எவ்வாறு தீர்த்தனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

பரங்கிமலையில் தொடங்கிய ஓர் அளவு

திரைக்குச் செல்லுமுன் வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்த ஓர் ஒற்றரைக் காண்போம். அவர் கதையின் வேர் நம் அயலிலேயே உள்ளது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரையில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டினை நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். பாரத நாடு முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரு நிலவளவைக்கு அக்கோடு அடிப்படையாயிற்று.

அவ்வளவை வடக்கே இமயத்தை எட்டியபோது திபெத்து நாடு வெளிநாட்டவர்க்குக் கதவடைத்திருந்தது. ஆங்கிலேயர் உட்புகவியலாத அந்நாட்டிற்கு இமயமலைச் சாரலில் பிறந்த நயின் சிங் என்னும் ஆசிரியர் பயிற்றி அனுப்பப்பட்டார். அவர் யாத்திரிகர் வேடம் பூண்டார். ஒவ்வோர் அடியையும் ஒரே நீளமாக வைத்து நடக்கப் பயின்றார். அவருடைய செபமாலையில் 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்பட்டது. கையிற் சுழற்றும் வழிபாட்டு உருளையினுள் மந்திரச் சுருளுக்கு மாறாக அளவுக் குறிப்புக்கள் இருந்தன. நீர் கொதிக்கும் வெம்மையை அளந்து இடத்தின் உயரத்தைக் கணித்தார். இவ்வாறு 1866-ஆம் ஆண்டில் இலாசா நகரத்தை அடைந்து அதன் இருப்பிடத்தையும் உயரத்தையும் உலகிற்கு அறிவித்தார். அவர் பணியில் இருந்த காலத்தில் 'பண்டிதர்' என்னும் மறைபெயராலேயே சுட்டப்பட்டார். 1877-இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவர்க்குப் பொற்பதக்கம் வழங்கியது. அது அவர் பயணங்கள் முடிந்த பின்னரே நிகழ்ந்தது.

துறந்தார் வேடம், புகற்கரிய இடம் புகுதல், உள்ளதை வெளியிடாமை என்னும் இலக்கணங்கள் இவர்பால் பொருந்தியிருத்தல் காண்க. இவர் கையில் துப்பாக்கி இல்லை. எண்ணும் பழக்கமே இவர் படைக்கலம். உண்மை ஒற்றாடல் பெரும்பாலும் பொறுமையான அளவைத் தொழிலே என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

ஜேம்ஸ் பாண்டு

இனித் திரைக்கு வருவோம். இயான் பிளெமிங்கு என்னும் ஆங்கில எழுத்தாளர் இரண்டாம் உலகப் போரில் கடற்படை ஒற்றுத் துறையில் பணியாற்றியவர். அவர் தம் முதல் ஒற்றர் நவீனத்தை 1953-இல் வெளியிட்டார். தம் நாயகனுக்கு எவர் கண்ணிலும் படாத எளிய பெயர் ஒன்று வேண்டுமென எண்ணி, மேற்கிந்தியத் தீவுப் பறவைகளைப் பற்றி நூலெழுதிய பறவையறிஞர் ஒருவருடைய பெயரை எடுத்து வைத்தார். அப்பெயரே ஜேம்ஸ் பாண்டு. மறைந்திருத்தற்கென்று தேர்ந்த பெயர் உலகிலேயே மிகுதியாக அறியப்பட்ட பெயராயிற்று. இதனைச் செய்தது திரைப்படம். 1962-இல் வெளிவந்த 'டாக்டர் நோ' முதல் 2021-இல் வெளிவந்த 'நோ டைம் டு டை' வரை, முதன்மை வரிசையில் 25 படங்கள் வந்துள்ளன. அறுவர் அவ்வேடம் பூண்டனர்.

வள்ளுவர் உரைகல்லில் பாண்டு தேறுவாரா? ஐயுறாத வடிவு அவர்பால் இல்லை. அவர் புகுமிடமெல்லாம் எல்லாக் கண்களும் அவரையே நோக்கும். பகைவரிடத்தும் தம் பெயரை இருமுறை அழுத்திச் சொல்வார். 1983-இல் வந்த 'ஆக்டோபசி' என்னும் படத்தின் ஒரு பகுதி உதயபுரியில் எடுக்கப்பட்டது. நம் சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்குத் துணைவராக நடித்தார். பாம்பாட்டி வேடத்தில் அமர்ந்து, தாம் யார் என்பதைப் பாண்டுக்குக் குறிப்பிக்க மகுடியில் அப்படவரிசையின் இசையையே அவர் ஊதுவார். கொட்டகையில் இருந்தோர் அனைவர்க்கும் தெரிந்த இசை மறைகுறியாதல் நகைப்புக்குரியது. அந்நகைப்பையே படமும் நாடிற்று என்க.

ஆயினும் ஓர் இலக்கணத்தில் பாண்டு தேறுகின்றார். 2006-இல் வந்த 'கசினோ ராயல்' படத்தில் பகைவன் கொடிய வதை செய்தும் அவர் சோர்ந்து மறை வெளியிடுவதில்லை. 2021-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் அவர் உயிரையும் கொடுக்கின்றார். அறுபது ஆண்டுகளாக உயிருடன் மீண்டவர் முதன்முறையாக மீளாதொழிந்தமை பலர்க்குச் சினமூட்டிற்று. எம் கருத்தில் அவ்வரிசை தன் நாயகனை மனிதனாக மதித்த இடம் அதுவே.

தமிழ்த் திரையின் ஒற்றர்

தமிழில் ஒற்றர் கதை பாண்டு படங்களுக்கு முன்னரே தோன்றியது. 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' அதற்குச் சான்று. அதனை இயக்கியவர் வீணை வித்துவானாகவும் விளங்கிய எஸ். பாலச்சந்தர், திரைக்கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமனுடையவை. 1943-ஆம் ஆண்டில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய நாளில் இராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு இறக்கின்றான். துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக வினவ, ஒவ்வொருவர் கூற்றும் வேறு வேறு கொலைஞரைச் சுட்டுகின்றது. இறந்தவன் பகைநாட்டிற்கு மறைபொருள் விற்ற ஒற்றன் என்பதும், அதனை அறிந்த மனைவியே அவன் உயிர் போதற்குக் காரணம் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. சிவாஜி கணேசன் இராஜனாகவும், பண்டரிபாய் மனைவி உஷாவாகவும் நடித்தனர். பாடலும் ஆடலும் சண்டையும் அப்படத்தில் இல்லை.

அப்படத்தின் பெருமை யாதெனின், ஒற்றனை நாயகனாக்கிப் போற்றாமலும், அரக்கனாக்கித் தூற்றாமலும், அவன் ஏன் அவ்வாறாயினான் என்று வினவியமையே. குறைந்த விலையில் வானொலிப் பெட்டி செய்யும் வழி கண்டவனுக்குத் தன் நாட்டில் ஆதரவு கிடைக்கவில்லை, பகைவர் ஆதரவளித்தனர். அவன் குற்றத்தை அப்படம் மன்னிக்கவில்லை. எனினும் அறிவுடையானைப் புறக்கணித்தார்க்கும் அக்குற்றத்தில் பங்குண்டோ என்னும் வினாவை நம் நெஞ்சில் விட்டுச் செல்கின்றது. அறிவியல் பயிலும் மாணவர் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா அது. பலர் கூற்றுக்களை ஒத்து நோக்கி உண்மை காணும் அதன் அமைப்பும் வள்ளுவர் முறைக்கு அணுக்கமானதே.

1960-க்குப் பின் பாண்டின் காற்று தமிழ்நாட்டிலும் வீசியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் வெளியிட்ட 'வல்லவன் ஒருவன்' படத்தால் ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு' எனப் பெயர் பெற்றார். நுணுகி நோக்கின் அப்படத்தின் மூலம் பாண்டு அன்று, ஓ.எஸ்.எஸ். 117 என்னும் பிரெஞ்சு ஒற்றனைப் பற்றிய 1964-ஆம் ஆண்டுப் படமே. அவ்வொற்றனை ஜான் புரூசு என்னும் எழுத்தாளர் 1949-இலேயே, அஃதாவது பாண்டு பிறத்தற்கு நான்காண்டு முன்னரே, படைத்துவிட்டார். 1968-இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் எம். ஜி. ஆர். நடித்த 'ரகசிய போலீஸ் 115' வந்தது. 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது, அதில் நடித்த சகுந்தலா தம் வாழ்நாள் முழுதும் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்றே அழைக்கப்பட்டார். ஒற்றுத் தொழிலின் பெயர் நடிகையின் பெயர்க்கு முன் ஒட்டி ஊரறிய நின்றமை, தொழிலின் இயல்பும் திரையின் இயல்பும் எத்துணை மாறுபட்டன என்பதைக் காட்டும்.

1986-இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' வெளிவந்தது. கதை எழுதியவர் பொறியாளரும் எழுத்தாளருமான சுஜாதா. 'அக்னிபுத்ரா' என்னும் ஏவுகணை களவு போக, அதனை மீட்க ஒற்றன் சலாமியா என்னும் கற்பனை நாட்டிற்குச் செல்கின்றான். நம் நாட்டின் 'அக்னி' ஏவுகணை முதன்முறை விண்ணில் ஏவப்பட்டது 1989-இல் என்பதை நோக்கின், எழுத்தாளர் காலத்திற்கு மூன்றாண்டு முந்திச் சென்றார் எனலாம். முற்பகுதியில் கணிப்பொறியும் ஏவுகணையும் தந்த புதுமை, சலாமியாவை அடைந்ததும் அரசர் கதையாக நெகிழ்ந்துவிடுகின்றது. எனினும் தமிழ் ஒற்றர் கதைக்கு அறிவியலை அடித்தளமாக்க முயன்றமை பாராட்டத்தக்கது.

அண்மைக்காலப் படங்கள்

2013-இல் வெளிவந்த 'விஸ்வரூபம்' படத்தில் ஒற்றன் நியூயார்க்கு நகரில் கதக் நடன ஆசிரியனாக வாழ்கின்றான். மென்மையே அவன் மறைப்பு. மனைவியும் அவனை அறியாள். ஐயுறாத வடிவு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2022-இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்', 1986-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையும் நினைவையும் மீட்டுக் கொணர்ந்தது. அதன் முற்பகுதியில் அமர் என்னும் அதிகாரி, இறந்ததாகக் கருதப்படும் கர்ணன் என்பான் யாவன் என்று பலரை வினவுகின்றான். ஒருவர் குடியன் என்பர். மற்றொருவர் வேறு கூறுவர். கூற்றுக்கள் ஒவ்வாமையே அமருக்கு ஐயம் தருகின்றது. பிற்பகுதியில் பெருந்துப்பாக்கிகள் முழங்கத் தொடங்கியதும் ஒற்றாடல் போய்ப் போர் வந்துவிடுகின்றது. ஆயினும் அப்படத்தில் எம் மனத்தில் நிலைத்தவர் நாயகர் அல்லர். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருந்து, தாக்க வந்தோரை ஒரு நொடியில் எதிர்த்தெழும் டினா என்னும் ஒற்றர். அந்நொடி வரை அவரை நாம் ஒருவரும் நோக்கவில்லை. வீட்டில் பணி செய்வாரை நாம் நோக்குவதே இல்லை என்னும் உண்மையை அவ்விடத்தில் இயக்குநர் நன்கு பயன்படுத்தினார்.

அதே ஆண்டில் பி. எஸ். மித்ரன் இயக்கிய 'சர்தார்' வந்தது. கார்த்தி தந்தையும் மகனுமாக நடித்தார். மகன் எந்நேரமும் தன் பெயர் நாளிதழிலும் இணையத்திலும் வர விரும்பும் காவல் அதிகாரி. தந்தை நாடகக் கலைஞராயிருந்து ஒற்றரானவர். நாட்டிற்குப் பணி செய்தும் துரோகி என்று பெயர் பெற்றுப் பல்லாண்டு அயல்நாட்டுச் சிறையில் வாடியவர். புகழ் வேண்டும் மகனையும் இகழ் தாங்கும் தந்தையையும் ஒரே முகத்தில் காட்டியமையால், வள்ளுவர் கூறிய இறுதி இலக்கணம் அப்படத்தின் கருவாகிவிட்டது. தண்ணீரைத் தனியார் வணிகமாக்கும் சூழ்ச்சியைக் கதையில் வைத்தமையும் சிறப்பு. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் காத்திருந்த நம் புறநகர் மக்கள்க்கு அஃது அயற்பொருள் அன்று.

ஒற்றரென்று ஐயுறப்பட்டோர்

ஒற்றாடலில் நேரும் பெருந்தீங்கு ஒற்றன் தப்பிவிடுதல் அன்று, ஒற்றனல்லாதவன் அகப்படுதலே. இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். புறநானூற்று 47-ஆம் பாட்டின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, நெடுங்கிள்ளி பகைவனது ஒற்றன் எனக் கருதிக் கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் என்னும் மற்றொரு புலவர், பரிசில் நாடித் திரியும் புலவர் வாழ்வு பிறர்க்குத் தீங்கு நினையாதது என்று எடுத்துரைத்து அவனை உய்யக் கொண்டார். ஒருவன் ஐயம் ஓர் உயிரைக் கொள்ளவிருந்தது. மற்றொருவர் சான்று அதனைக் காத்தது.

நம் காலத்தில் கோவூர்கிழார் விரைந்து வரவில்லை. நாகர்கோவிலைச் சேர்ந்தவரும், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் திரவ எரிபொருள் எந்திரத் துறையில் உழைத்தவருமான நம்பி நாராயணன், மறைபொருளை அயல்நாட்டிற்கு விற்றார் என்னும் குற்றச்சாட்டில் 1994-ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்தில் சிறைப்படுத்தப்பட்டார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை அக்குற்றச்சாட்டு பொய் என அறிவித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அவர்க்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடையே கழிந்தவை இருபத்துநான்கு ஆண்டுகள். இவ்வரலாற்றை மாதவன் 2022-இல் 'ராக்கெட்ரி' என்னும் படமாக்கினார். 69-ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் அது சிறந்த படமாகத் தேர்வு பெற்றது.

அப்படத்தை ஒற்றர் படங்களோடு சேர்த்தே காண வேண்டும் என்பது எம் துணிபு. ஒற்றர் கதைகளில் பழகிய உள்ளம், 'இவன் நாட்டை விற்றான்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடும் இயல்புடையது. படத்தில் அவ்வாறு சுட்டப்படுவோன் பெரும்பாலும் குற்றவாளியாகவே இருப்பான், வாழ்வில் அவ்வாறன்று. ஒற்றொற்றித் தந்ததையும் ஒற்றால் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று ஆன்றோர் விதித்தது அரசனுக்கு மட்டும் அன்று. ஒருவரைப் பற்றிய பழிச்சொல் இன்று கைபேசி வழியே ஒரு நாளில் நூறு பேரை அடைகின்றது. அந்நூறு பேரும் ஒருவரிடமிருந்தே பெற்றனராயின் அது நூறு சான்று ஆகாது, ஒரு சான்றே. மூவர் சொல் ஒத்தல் போதாது. அம்மூவர் ஒருவரையொருவர் அறியாதவராயிருத்தல் வேண்டும் என்ற நுட்பத்தை மாணவர் மறத்தலாகாது.

நம் கல்லூரியும் ஒரு படமும்

2024-இல் வெளிவந்த 'அமரன்' நம் கல்லூரியில் இதழியல் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வரலாறு. பரங்கிமலையிலுள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 2006-இல் படையிற் சேர்ந்து, 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் காசுமீரத்தில் சோப்பியான் பகுதியில் போரிட்டு உயிர் துறந்தார் அவர். அசோகச் சக்கர விருதை 2015-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் அவர் மனைவியார் பெற்றுக்கொண்டார். இராஜ்குமார் பெரியசாமி இயக்கிய அப்படத்தில் சிவகார்த்திகேயனும் சாய் பல்லவியும் நடித்தனர். அவ்விருவர் நட்பும் இக்கல்லூரியில் மலர்ந்ததாதலின் நம் மாணவர் அதனைத் தம் வீட்டுக் கதைபோல் கண்டு கண் கலங்கினர்.

அஃது ஒற்றர் படமன்று; படைஞர் படம். ஆயினும் இக்கட்டுரையின் முடிவுக்கு அது துணை செய்கின்றது. காசுமீரம் போன்ற இடத்தில் படைஞர் ஒரு வீட்டை முற்றுகையிடுமுன், அவ்வீட்டில் இன்னார் உளர் என்னும் செய்தியை ஒருவர் தந்திருத்தல் வேண்டும். அவர் யாவர் என்பதை நாம் அறியோம், அறிதலும் கூடாது. வீரர்க்கு நாடறியச் சிறப்புச் செய்தல் நம் கடன். அவர்க்கு வழி காட்டிய பெயரறியாதார்க்கு நன்றியைச் சொல்லாமல் நெஞ்சில் வைத்தலும் நம் கடனே. திரைப்படம் முதற்கடனை எளிதில் செய்கின்றது; இரண்டாவதைச் செய்தற்கு அதற்கு இயல்பாகவே இயலாது.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு யாம் கூறுவது இதுவே. பாண்டு படம் மீண்டும் வரும். வேறொரு நடிகர் அவ்வேடம் பூணுவார். தமிழிலும் புதிய ஒற்றர் வருவர். மகிழ்ந்து காண்க. காணுங்கால் மூன்று வினாக்களைக் கொண்டு செல்க. இவ்வொற்றரை வழியிற் கண்டிருப்பின் நாம் ஐயுற்றிருப்போமா? இவர் கொணர்ந்த செய்தியைப் படத்தில் எவரேனும் சோதித்தனரா? துரோகி என்று சுட்டப்பட்டவர் பக்கம் பேச ஒருவரேனும் இருந்தனரா? இவற்றுக்கு நல்ல விடை தரும் படம் அரிதே. தருவதொன்றைக் காணின் அதனை நண்பர்க்கும் சொல்லி, இருமுறை காண்பதில் தவறில்லை.